நிலை கழற்றிய வாசல்

தந்தை கறுப்பையாவின் உதட்டோரம் வழிந்த கஞ்சித் தண்ணீரைத் துவாயின் நுனியால் ஒற்றிக்கொண்டிருந்த நிரஞ்சனி, முன் திண்ணையான இஸ்தோப்பில் யாரோ செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டுத் தலையை நிமிர்த்தினாள். கோயில் பரிபாலன சபைத் தலைவர் சண்முகநாதன் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, படிக்கு வெளியிலேயே நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்து, அதிபராக ஓய்வு பெற்று, தெல்தோட்டைக் குளிரை விட்டுப் போக மனமின்றி இங்கேயே தங்கிவிட்டவர். எப்போது வந்தாலும் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு அமர்கிறவர், இன்று ஏன் வெளியே நிற்கிறார் என்பது அவளுக்கு உடனே விளங்கிற்று. விளங்கியதனாலேயே சற்று உரக்கச் சொன்னாள்:

"உள்ள வாங்க சேர்."

"இல்லைப் பிள்ளை, இதிலயே நிக்கிறன். எப்பிடி இருக்கிறார்?"

"நாலு கரண்டி கஞ்சித்தண்ணி குடிச்சாரு. நேத்து ரெண்டு கரண்டிதான்."

அவர் தலையை அசைத்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த கறுப்பையாவின் வீங்கிய பாதங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, அந்த அறையில் யார் நுழைந்தாலும் பார்வை எங்கே போகுமோ அங்கே அவர் பார்வையும் போயிற்று.

கட்டிலின் காலடியில், கூரையைத் தொட்டும் தொடாமலும், மயில் நின்றது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறையான அந்தத் தொங்கல் காம்பராவில் அது நிற்கும் அழகைப் பார்க்கிறவர்கள், முதலில் கை கூப்புவார்கள். பிறகு அருகே போய்ச் சிரிப்பார்கள். கழுத்தின் நீலம், மண்சரிவுக்குப் பின் வீட்டுக்கு ஒன்றாக நிவாரணமாகக் கொடுத்த, கூரைக்குப் போர்த்தும் தறப்பாள். கிழிந்துபோனவற்றையெல்லாம் சேர்த்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, மீன் செதில்போல் அடுக்கடுக்காகத் தைத்திருந்தார் கறுப்பையா. இறக்கைகள், காற்றில் எலும்பு முறிந்த குடைகள். மார்பின் வெள்ளி மினுக்கம், பால்மாப் பெக்கட்டுகளின் உட்புறம். உடலின் சட்டம், மண் மூடிய வீடுகளிலிருந்து தோண்டியெடுத்த கைமரங்கள். ஐந்து சைக்கிள் சக்கரங்களின் வளையங்களை விரித்து இணைத்த தோகையில், பீலிக்கு ஒரு கண்ணாக நூற்றெட்டுச் சீடிகள். கண்டியில் மூடிவிட்ட ஏதோ ஒரு ஸ்டூடியோவின் கல்யாணப் படங்கள் அவை. மயிலின் சொந்தக் கண்கள் இரண்டும் கறுத்த பொத்தான்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்த நிரஞ்சனியின் தாய் மூக்காயி, கொழுந்து மலைக்குப் போட்டுக்கொண்டு போன கம்பளிச் சட்டையில் இருந்தவை. அதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நிரஞ்சனி பார்த்ததும் கண்டுகொண்டாள், அவளும் சொல்லவில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன், கார்த்திகையில், ஒரு மாதத்து மழை இரண்டு இரவில் பெய்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த மேடு கரைந்து இறங்கியது. ஆறுமுகப் பெருமான் இருந்த இடத்தில் இருந்தார். பக்கத்து வாகனக் கொட்டகையும், அதற்குள் மூன்று தலைமுறையாக அவரைச் சுமந்த மர மயிலும் மண்ணோடு ஓடைக்குப் போயின. புது வாகனம் செய்விப்பது பற்றிச் சபை கூடியபோது, ஒரு நல்ல பலா மரம் பார்க்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் நாற்பது ஆண்டுகள் தச்சுப் பாஸாக இருந்த கறுப்பையா பின்வரிசையில் எழுந்து நின்றார்.

"மலைய மொட்டையடிச்சோம், மண்ணு எறங்கிருச்சு. அந்த மண்ணு கொண்டுபோன மயிலுக்கு இன்னொரு மரத்த வெட்டுறதா, தலைவரே? இருக்கறத வச்சு நான் செய்றேன்."

"இருக்கிறதெண்டால்? குப்பையிலை சுவாமியை ஏத்திறதோ?" என்று அன்று கேட்டவர் இதே சண்முகநாதன்தான். "செய்து காட்டும். பிறகு பாப்பம்" என்று முடித்தவரும் அவரே.

பதினொரு மாதம். சென்ற மாதம் பார்க்க வந்தபோது, அவர் மயிலை அடி முதல் கொண்டை வரை பார்த்தார். கடைசியில் ஒரு துணி கேட்டு வாங்கி, வெள்ளி மார்பில் பதிந்திருந்த யாரோ ஒருவரின் விரல் தடத்தைத் துடைத்தார். சபையின் சம்மதம் அவ்வளவில் கிடைத்துவிட்டது என்று கறுப்பையா அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரமே அவர் படுத்துவிட்டார். இதயம் தேய்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்கள் வைத்தியர்கள். கண்டி நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நிரஞ்சனி, கணவனையும் மகளையும் குண்டசாலை வீட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

"நிரஞ்சனி, ஒரு விசயம்" என்றார் சண்முகநாதன், குரலைத் தாழ்த்தி. "நான் சொல்லுறது உமக்குக் கோவமாயிருக்கும். சொல்லாமல் போனால் உம்மட அப்பாவே என்னை விடமாட்டார். பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். மயில் இந்த வீட்டுக்குள்ளை நிக்கேக்கை ஏதும் நடந்திட்டுதெண்டால் துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் படி ஏத்தேலாது."

"ஒன்னும் நடக்காது சேர்."

"நடக்காட்டில் சந்தோசம். திரும்பக் கொண்டு வந்து இதிலயே விடுவம்."

"அப்பா கண்ணு முழிச்சா மொதல்ல பாக்குறது அதத்தான். அத எடுத்துட்டா எதப் பாப்பாரு? சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்பாரா?"

குசினியிலிருந்து அவள் தம்பி சுதேஷ் எட்டிப் பார்த்தான். "அக்கா, சேர் சொல்றதுல..."

"நீ சும்மா இரு."

மயிலை வெளியே எடுப்பது என்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஊரார் முன்னிலையில், பட்டப்பகலில், அப்பா போய்க்கொண்டிருக்கிறார் என்று அவள் ஒப்புக்கொள்வது அது. நான்கு கரண்டி கஞ்சித் தண்ணீர் குடித்த மனிதரை உயிரோடு வைத்துக்கொண்டு, சாவுக்கு இடம் ஒழித்து வைப்பது அது. அவள் துவாயை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தலைவரே" என்றது கட்டில்.

மூவரும் திரும்பினார்கள். கறுப்பையா கண்களைத் திறந்திருந்தார். குரல் மெலிந்திருந்ததே தவிர, அதிலிருந்த குறும்பு மெலியவில்லை.

"ஆளக் கூட்டிட்டு வந்தீங்களா, சும்மா கையோட வந்தீங்களா?"

"நீர் சொன்னால் ஆள் வரும்."

"சொல்லி எத்தன நாளாச்சு. இந்தப் புள்ளதான் பிடிச்சு வச்சிருக்கு." மூச்சு வாங்கினார். "இது என்ன கராஜா? வாகனம்னா ஓடணும்ல."

"அப்பா, பூசத்துக்கு நீங்களே எழும்பி நடந்து போவீங்க. அப்ப எடுத்துக்கலாம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது, காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போவேன் என்று அவள் அடம் பிடித்த நாட்களிலும் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

"நான் போறனோ இல்லியோ தாயி, அது போகணும். நான் பாத்துட்டேன். பதினோரு மாசம் விடியவிடிய அதத்தான பாத்தேன்." போர்வைக்கு மேல் கிடந்த கை சற்று உயர்ந்து, வாசலைச் சுட்டியது. "ஊரு பாக்கட்டும்."

நிரஞ்சனி துவாயைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி அடுத்து வந்தது. வாகனக் கொட்டகை இன்னும் கட்டி முடியவில்லை. பூசத்துக்கு முதல்நாள்தான் கூரை ஏறும். அந்த லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களும் பங்காளி வீடுகள். ஒரு வீட்டுத் தீட்டு பன்னிரண்டுக்கும் உண்டு. சண்முகநாதனின் வீட்டுக்கோ நாற்பது படி ஏற வேண்டும். நிரஞ்சனி சிறிது யோசித்துவிட்டு, கடைவீதியில் பழைய இரும்பும் போத்தலும் கடதாசியும் வாங்கும் பஸ்லினாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். சைக்கிள் வளையமும் குடைக் கம்பியும் சீடியும் அப்பாவுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவள் அவள்தான்.

"அதுக்கென்ன புள்ள, எங்கட பொறத்தால ஸ்டோர்ல வைங்க. ஒரு சொட்டு மழ விழாத எடம். கடதாசிக் கட்டெல்லாம் நான் தள்ளி வைக்கிறேன்" என்றாள் பஸ்லினா. பிறகு ஒரு கணம் நிறுத்தி, "சாமி இன்னும் ஏறல்லதானே?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. பூசத்தன்னைக்குத்தான்."

"அப்ப சரி. மயிலு அல்லா படச்சதுதான். லொறிய அனுப்புறேன். பாஸ்கிட்ட சொல்லுங்க, அவர்ட மயிலு கண்டிக் கலியாணம் நூத்தெட்டயும் முதுகுல ஏத்திட்டு வருது, பதனமா கொண்டு வரச் சொல்லுங்க."

சொன்னாள். கறுப்பையா கண்களை மூடியபடியே சிரித்தார்.

பத்து மணிக்குச் சின்ன லொறி லயத்து முற்றத்தில் வந்து நின்றது. பக்கத்துக் காம்பரா ராஜலிங்கம் சித்தப்பாவும் இன்னும் நால்வரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மயிலின் அடிப்பலகையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நின்றுவிட்டார்கள்.

மயில் போகவில்லை.

நேராகப் போனால் தோகை இடித்தது. பக்கவாட்டில் திருப்பினால் மார்பு இடித்தது. சாய்த்தால் கொண்டை நிலையின் மேல்கட்டையில் முட்டியது. பின்னோக்கிக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். தலைகீழாகத் தவிர மற்ற எல்லா வகையிலும் பார்த்தார்கள். ராஜலிங்கம் சித்தப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தார்.

"ஏண்ணே, இது உள்ள எப்பிடி வந்துச்சு?"

அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. வெளியே பந்தல் போட்டுத்தான் வேலை தொடங்கியது. வெயில் காயவேண்டிய மாதத்தில் விடாத மழை பிடித்துக்கொண்டு, ஒரு நாள் காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனபோது, கழுத்தும் காலும் மட்டுமே ஆன பாதி மயிலை உள்ளே தூக்கி வந்தார்கள். மீதிப் பாதியைக் கறுப்பையா உள்ளேயே வளர்த்துவிட்டார்.

"நாப்பது வருசம் பாஸ் வேல பாத்த மனுசன்! ஆறடி தோகைக்கு மூனடி வாசல்!" என்றார் சித்தப்பா.

"கோயில் வாசல அளந்தேன்டா" என்றார் கறுப்பையா. "சாமி சுத்துற ரோட்ட அளந்தேன். கடைவீதி லைட்டுக் கம்பம் ரெண்டுக்கும் நடுவுல அளந்தேன்." மூச்சு விட்டு எடுத்தார். "என் வாசலத்தான் அளக்கல."

முதலில் சித்தப்பா சிரித்தார். பிறகு லொறிச் சாரதி சிரித்தான். படிக்கு வெளியே நின்ற சண்முகநாதன் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார், குடை குலுங்கியது. சிரிப்பு இருமலாகி, நிரஞ்சனி ஓடிவந்து அப்பாவின் நெஞ்சை நீவிக்கொடுத்தாள். மூன்று வாரத்தில் அந்த அறைக்குள் முதன்முதலாகக் கேட்ட சிரிப்பு அது.

"தோகைய ரெண்டா அறுத்துரலாம்க்கா" என்றான் சுதேஷ். "கீழ கொண்டுபோயி கம்பி வச்சு முறுக்கிக்கலாம். வெளிய தெரியாது."

கறுப்பையா சுதேஷைப் பார்க்கவில்லை. மயிலையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

நிரஞ்சனி வாசலை ஏறிட்டாள். கதவும் சன்னலும் ஒரே சட்டத்தில் இணைந்த அகன்ற நிலை அது. கீழே பலகை, மேலே கண்ணாடி. ஸ்டோரில் கழித்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டு, அவள் பெரியவளான ஆண்டில் அப்பா செய்து பொருத்தியது. அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் அவள் பரீட்சைக்குப் படித்தாள். அந்தச் சன்னல் வழியாகத்தான் அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்ப்பாள்.

"தோகையில யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். "நிலையக் கழட்டுங்க."

சண்முகநாதன் குடையை இறக்கி அவளைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் மயிலை நகர்த்தவே கூடாது என்றவள் இவள்தானா என்று கேட்கவில்லை.

சுதேஷ் சுத்தியலும் கடப்பாரையும் கொண்டு வந்தான். கறுப்பையாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வைத்தது அவர், ஆகவே எடுக்கும் வழியும் அவருக்குத் தெரிந்திருந்தது. விரலசைவாலும் ஓரிரு சொற்களாலும் வேலையை அவரே நடத்தினார்.

"எடது பக்கம் மேல. அங்கின ஒரு ஆணி திரும்பிப் போயிருக்கும், இழுக்காத... உள்ள தட்டு. ஆங். இப்பக் கீழ ஆப்ப அடி. கீழ, கீழ. கண்ணாடி பதனம்."

"அப்பா, பேசாதீங்க. எளைக்குது பாருங்க."

"ஆணிய எறிஞ்சிராதீங்க."

"எறியல. டின்னுலதான் போடுறோம்."

ஆணி என்றால் அவருக்கு அப்படி ஒரு பற்று. மழை நாட்களில் இஸ்தோப்பில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு, பால்மா டின்னிலிருந்து வளைந்த ஆணிகளை ஒவ்வொன்றாய் எடுப்பார். முதுகு மேலே வரும்படி கல்லில் கிடத்துவார். ஓங்கி அடிக்கமாட்டார், உருட்டி உருட்டி மெல்லத் தட்டுவார். அந்த ஓசையைக் கேட்டுத்தான் நிரஞ்சனியும் சுதேஷும் பிள்ளைப் பருவத்து மழைக்காலமெல்லாம் உறங்கினார்கள்.

நிலை முழுதாகப் பெயர்ந்து, ஆறு பேர் பிடித்துச் சுவரோரம் சாய்த்தபோது, காம்பராவுக்குள் இதற்குமுன் வந்திராத வெளிச்சம் வந்தது. தேயிலைச் சரிவும், அதற்குள் வளைந்து வளைந்து கடைவீதிக்கு இறங்கும் பாதையும், எதிர்மலைக் கோயிலும் கட்டிலிலிருந்தே தெரிந்தன. மயிலை மறுபடி தூக்கினார்கள். வெயில் பட்டதும் நூற்றெட்டுக் கண்களும் ஒருசேர விழித்தன. வானவில்லின் துணுக்குகள் கூரையில் ஓடின, சுவரில் ஓடின, போர்வையின் மேல், கறுப்பையாவின் நெற்றியின் மேல், நிரஞ்சனியின் கைகளின் மேல் ஊர்ந்து சென்றன. மயில் எதிலும் உரசாமல் வெளியே போயிற்று. முற்றத்தில் நின்ற பெண்கள் அரோகரா என்றார்கள்.

சுதேஷ் லொறியில் மயிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சண்முகநாதன் முன்னால் ஏறிக்கொண்டார். ஏறும் முன் படியருகே வந்து, உள்ளே பார்த்து, "போட்டு வாறன், கறுப்பையா" என்றார்.

"பூசத்தன்னைக்கு மெதுவாத் தூக்கச் சொல்லுங்க" என்றார் கறுப்பையா. "கழுத்து கொஞ்சம் ஆடும்."

அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. நிரஞ்சனி தலையணையை உயர்த்தி, அப்பாவைச் சற்றே நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் பாதையைப் பார்த்தார்கள். லயத்திலிருந்து பார்த்தால் அந்தப் பாதையில் மூன்று வளைவுகள் தெரியும். மூன்றாவதுக்கு அப்பால் யூக்கலிப்டஸ் மரங்கள் மறைத்துக்கொள்ளும்.

முதல் வளைவில் லொறி திரும்பியபோது தோகை பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டியது.

"ஒன்னு" என்றார் அப்பா.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து நிற்பது, பச்சைக்கு நடுவே வண்ணப் பொட்டுகளாகத் தெரிந்தது. ஒருத்தி கை கூப்பினாள். லொறி மெல்ல இறங்கியது. இரண்டாம் வளைவில் மறுபடியும் பளிச்சிட்டது.

அவர் என்னவோ சொன்னார்; அவளுக்குக் காற்றுப்போல்தான் கேட்டது. "ரெண்டு" என்றிருப்பார் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் வளைவு தொலைவு. அங்கே லொறி ஒரு தீப்பெட்டி அளவே இருந்தது. ஆனாலும் திரும்பும்போது, உச்சி வெயிலில், நீலமும் வெள்ளியுமாக ஒரு துளி ஒளி நின்று நிதானித்து மரங்களுக்குள் போயிற்று.

"பாத்தீங்களாப்பா? எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது!"

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தில் அந்தப் பழைய குறும்பு இருந்தது, ஏதோ விடுகதை போட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பவரைப்போல. அவள் தோளில் அவர் தலை இளஞ்சூடாகக் கிடந்தது. வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். குசினியில் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறக்கவேண்டும் என்று நினைத்தாள், எழவில்லை.

தொலைபேசி மணி அடித்தது. சுதேஷ்.

"அக்கா, எறக்கியாச்சு. ஒரு கீறல் இல்ல. பஸ்லினாக்கா கட ஆளுங்க எல்லாம் வந்து போட்டோ எடுக்குறாங்க. அப்பாட்ட சொல்லு."

"எறக்கிட்டாங்களாம்ப்பா" என்றாள் நிரஞ்சனி. "ஒரு கீறல் இல்லியாம்."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தன் உள்ளங்கையை அவர் நெஞ்சின் மேல் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். நீ வா" என்றாள். "அவசரப்படாத. சேரையும் கூட்டிட்டு மெதுவா வா."

வந்தார்கள். சுதேஷ் படியிலேயே அமர்ந்து அழுதான். சண்முகநாதன் இந்த முறை படியில் நிற்காமல் உள்ளே வந்தார். கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு அமர்ந்தார். பிறகு, துடக்குக் கணக்கைக் கடமைக்குக் கேட்கிறவராக, "எத்தினை மணிக்குப் பிள்ளை?" என்றார்.

"மணி பாக்கல சேர். மூணாவது வளைவு வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் எடுத்தார்கள். பாதை நெடுகக் கட்ட, வாலிபர் இருவர் வெள்ளைப் பொலித்தீன் சுருள் கொண்டுவந்திருந்தனர். சுதேஷ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டான். லயத்துப் பெண்கள் பழைய வெள்ளைச் சேலைகளையும் கோதுமை மாப் பைகளையும் கிழித்துக் கொடி செய்து கட்டினார்கள். தப்பு முழங்கியது. பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் குனிந்தபோது, ராஜலிங்கம் சித்தப்பா வழக்கப்படி, "சாய்ச்சுப் பிடிங்க, வாசல்ல கவனம்" என்று குரல் கொடுத்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். லயத்து வாசல்களில் எந்தப் பெட்டியையும் ஒருக்களித்துத்தான் எடுப்பார்கள். மூக்காயியின் பெட்டியை எடுத்தபோது ஒரு மூலை நிலையில் பட்டு, அந்த வடு அப்படியே இருந்தது. கறுப்பையா கடைசிவரை அதற்குச் சாயம் பூசவில்லை.

பெட்டி சாயவில்லை. தோள்கள் இடிபடவில்லை. எட்டுப் பேரும் அகலமாக நடந்து, மயில் போன வழியே நேராக வெளியே போனார்கள். நிரஞ்சனி சுதேஷைப் பார்த்தாள். அவன் கொள்ளிச்சட்டியைப் பிடித்தபடி, அகன்று கிடந்த அந்த வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைவீதியைக் கடந்தபோது கடைகள் பாதிக் கதவை இறக்கின. பஸ்லினா மட்டும் முழுக் கதவையும் இறக்கிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் நின்றாளாம். சுதேஷ் வந்து சொன்னான்.

தைப்பூசத்தன்று காலையில் மழை இல்லை. மாதம் தவறிப் பெய்வதும் நிற்பதும் பழகிவிட்ட ஊரில், வானம் அன்று மட்டும் தன் பழைய கணக்குக்குத் திரும்பியதுபோல் வெளுத்திருந்தது. வாசலை அடைத்துக் கட்டியிருந்த நீலத் தறப்பாளை நிரஞ்சனி அவிழ்த்துச் சுருட்டினாள். தீட்டு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக் கூடாது. மற்ற ஆண்டுகளில் லயத்து முற்றம் வரை வந்து தேங்காய் உடைத்ததும் போகும் சாமி, இந்த ஆண்டு மூன்றாம் வளைவோடு திரும்பிவிடும் என்று சபையில் முடிவாகியிருந்தது.

"இனி அலுமினிய நிலை போட்டா என்னக்கா?" என்று சுதேஷ் முந்தின நாள் கேட்டிருந்தான். "கறையான் அரிக்காது. மழைக்கு ஊறாது."

"இருக்கறதப் போடு" என்றாள் அவள். "ஒரு பலகதான் உளுத்திருக்கு."

அவன் பலகை சீவிக்கொண்டிருந்தான். அவள் இஸ்தோப்பில் கருங்கல்லைப் போட்டு, பால்மா டின்னைப் பக்கத்தில் கவிழ்த்தாள். நாற்பத்தொரு ஆணி. ஒன்றும் நேராக இல்லை. முதல் நான்கைந்து ஆணிகளில் சுத்தியல் அவள் விரலையே தேடி வந்தது. பிறகு கைக்கு ஒரு நடை பிடிபட்டது.

பாதி டின் முடிந்தபோது எதிர்மலையில் மேளம் கேட்டது. காவடிச் சத்தமும், அரோகராவும், காற்று திரும்பும்போதெல்லாம் வந்து வந்து போயின. யூக்கலிப்டஸ் மரங்களுக்குள்ளிருந்து மூன்றாம் வளைவில் ஒரு நீலக் கழுத்து வெளிப்பட்டது. அதன் மேல் செம்பட்டும் பொன்னுமாகப் பெருமான் அமர்ந்திருந்தார். கழுத்து ஆடியது, கொஞ்சம்தான். தூக்கியவர்கள் மெதுவாகத்தான் தூக்கினார்கள்.

வளைவில் ஊர்வலம் நின்றது. திரும்புவதற்கு நிற்கிறது என்று நினைத்தாள். ஆனால் மேளமும் நின்றது. வெள்ளை வேட்டியில் ஒருவர், மடக்கிய குடையோடு, முன்னால் வந்து நின்று கையைத் தூக்கினார். மயில் லயத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. ஒரு தேங்காய் உடைபட்டது; ஓசை பிந்தி வந்து சேர்ந்தது. அதன் பிறகே மயில் மெல்லத் திரும்பியது. திரும்பத் திரும்ப நூற்றெட்டுக் கண்களும் ஒவ்வொன்றாய் வெயிலை வாங்கி, தேயிலைக்கு மேலாக, இந்தப் பக்கம் விட்டன.

"மூணு" என்றான் சுதேஷ், சீவுளியைக் கையில் பிடித்தபடி. அப்பா எண்ணியதை அவனுக்கு அவள்தான் சொல்லியிருந்தாள்.

மேளம் மறுபடி எழுந்து, மரங்களுக்குள் இறங்கி, தேய்ந்து போயிற்று.

நிரஞ்சனி டின்னுக்குள் கைவிட்டு அடுத்த ஆணியை எடுத்தாள். முதுகு மேலே வரும்படி கல்லில் கிடத்தி, உருட்டி உருட்டி, மெல்லத் தட்டினாள்.